சிறு சில்லின் ஆணைக்குப் பெரு மோட்டார் பணிவது எவ்வாறு?

சிறு அங்குசம் ஒன்றைக் கையிற் கொண்ட பாகன், மலை போன்ற யானையை நடத்திச் செல்வதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். யானையின் பலம் பாகனிடம் இல்லை. பாகனின் அறிவு யானையிடம் இல்லை. இரண்டையும் இணைப்பது இடையில் உள்ள அச்சிறு கருவியே. இக்காலத் தொழிற்சாலைகளிலும், வயற்புறத்துப் பம்ப்பு அறைகளிலும் இதையொத்த உறவு ஒன்று நிலவுகிறது. விரல் நகத்தளவே உள்ள சிலிக்கன் சில்லு ஒன்று தொட்டியின் நீர்மட்டத்தை அறிகிறது, நேரத்தைக் கணக்கிடுகிறது, பின்னர் 'ஓடு' என்றோ 'நில்' என்றோ ஆணை பிறப்பிக்கிறது. அதை ஏற்று 5 குதிரைத்திறன் கொண்ட மோட்டார் சுழலத் தொடங்குகிறது. இச்சில்லுக்கு நுண்கட்டுப்படுத்தி என்று பெயர். மைக்ரோகன்ட்ரோலர் என்று வழங்குவாரும் உளர்.

சில்லுக்கும் மோட்டாருக்கும் இடையே நின்று அங்குசத்தின் வேலையைச் செய்வது ரிலே. இந்த இணைப்புச் சரிவர அமையாவிட்டால் விளைவது பணநஷ்டம் மட்டுமன்று. மின்சாரம் தடைப்பட்ட வேளையில் பம்ப்பின் இணைப்பைக் கழற்றிப் பழுது பார்த்துக் கொண்டிருப்பவர் கையில் ஸ்பானர் இருக்கும். மின்சாரம் மீண்டதும் யாரும் ஆணையிடாமலே மோட்டார் சுழன்றுவிட்டால், அங்கே இழப்பது விரலாகவோ உயிராகவோ இருக்கக்கூடும். ஆகவே இவ்விணைப்பைப் படிப்படியாக ஆராய்ந்து அறிவது மாணவர்களுக்கும், சிறு தொழில் நடத்துவோருக்கும், மின்பணியாளருக்கும் மிகவும் பயன் தரும்.

ஆற்றலின் ஏற்றத்தாழ்வு

நமது நாட்டில் மும்முனை மின்சாரம் 415 வோல்ட்டில் அளிக்கப்படுகிறது. 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 3,700 வாட் ஆற்றலை வெளியிடுகிறது. ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 7.5 ஆம்பியர் மின்னோட்டம் செல்கிறது. நேரடியாக இணைத்து ஓட்டத் தொடங்கும் கணத்தில் இம்மின்னோட்டம் ஏறத்தாழ 6 மடங்காகி, 45 ஆம்பியரை எட்டும்.

இனிச் சில்லின் பக்கத்தைப் பார்ப்போம். அதன் வெளியீட்டு முனையில் தோன்றும் மின்னழுத்தம் 3.3 வோல்ட், பழைய வகையாயின் 5 வோல்ட். பின்னர் நாம் காணவிருக்கும் கணக்கின்படி அதனிடமிருந்து 3.8 மில்லியாம்பியர் மட்டுமே பெறுகிறோம். இவ்விரண்டையும் பெருக்கினால் ஒரு வாட்டின் எண்பதில் ஒரு பங்கே கிடைக்கிறது. மோட்டாரின் ஆற்றல் இதைப் போல் ஏறத்தாழ மூன்று லட்சம் மடங்கு! இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வை ஒரே தாவலில் கடக்க இயலாது. எனவே படிகள் அமைக்கிறோம். சில்லு டிரான்சிஸ்டரை இயக்குகிறது; டிரான்சிஸ்டர் ரிலேயை இயக்குகிறது; ரிலே, கான்டாக்டர் என்னும் பெரிய மின்காந்தச் சாவியை இயக்குகிறது; கான்டாக்டரே மோட்டாரை இயக்குகிறது.

ரிலேயின் பூர்வீகம்

பண்டைக் காலத்தில் தபால் ஓட்டக்காரர் ஒருவர் குறிப்பிட்ட தூரம் ஓடிக் களைத்ததும், அங்கே காத்திருக்கும் மற்றொருவர் பையை வாங்கிக்கொண்டு புதிய பலத்துடன் ஓடுவார். செய்தி அதுவே, அதைச் சுமக்கும் பலம் மட்டும் புதியது. இக்கருத்தே ரிலேயின் உயிர்நிலை. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டில் இத்தத்துவத்தை மின்காந்தத்தைக் கொண்டு நிரூபித்தார். நெடுந்தூரம் சென்று நலிந்த தந்திச் சைகை ஒரு சிறு மின்காந்தத்தை இயக்கும். அது ஒரு சாவியை மூடும். அச்சாவி வழியே புதிய மின்கலத்தின் மின்னோட்டம் அடுத்த நிலையத்துக்குச் செல்லும். இந்தியாவில் 1850-களில் பரவத் தொடங்கிய தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முடிவுற்றது. ஆயினும் தந்தி வளர்த்த ரிலே இன்றும் தொழிற்சாலைகளில் நிலைத்து நிற்கிறது.

அதன் அமைப்பு எளியது. இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றிய கம்பிச்சுருள், அதன் எதிரே அசையும் இரும்புத் தகடு, தகட்டோடு இணைந்த தொடுமுனைகள், தகட்டைப் பழைய நிலைக்குக் கொணரும் வில் ஆகியவையே அதன் உறுப்புகள். சுருளில் மின்சாரம் பாயாதபோது திறந்திருக்கும் முனை ஒன்றும், மூடியிருக்கும் முனை ஒன்றும், இரண்டுக்கும் பொதுவான முனை ஒன்றும் வழக்கமாக இருக்கும். சுருளின் சுற்றுக்கும் தொடுமுனைகளின் சுற்றுக்கும் இடையே மின்தொடர்பு எதுவும் இல்லை, காந்தவிசையே இடைப்பாலம். இப்பிரிவே ரிலேயின் தலையாய நன்மை.

சில்லின் முனை எவ்வளவு தாங்கும்?

"ரிலேயின் சுருளைச் சில்லின் முனையிலேயே நேராக இணைத்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். விடையைக் கணக்கே சொல்லும். சிறு பலகைகளில் மிகுதியாகக் காணப்படும் 5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 ஓம் தடை கொண்டது. ஆகவே அது 71 மில்லியாம்பியரை நாடும். கல்லூரிகளில் பரவலாகப் பழகும் ஏ.டி.மெகா 328 சில்லின் ஒரு முனை எவ்விதத்திலும் 40 மில்லியாம்பியரைத் தாண்டலாகாது. இயல்பாக 20 மில்லியாம்பியருக்குள் நிறுத்துவதே முறை. நேராக இணைத்தால் ரிலே சரிவர இழுக்காது. சில்லும் நாளடைவில் அல்லது உடனடியாகவே கெடும்.

தொழிற்சாலை ரிலேக்களோ பெரும்பாலும் 24 வோல்ட் சுருள் கொண்டவை. அதற்குரிய மின்னழுத்தமே சில்லிடம் இல்லை. 24 வோல்ட் உள்ளீடு கொண்ட தொழிற்சாலைக் கருவிகளுக்கான சர்வதேச விதிப்படி, முதல் வகை உள்ளீடு ஒன்று 'ஆம்' என்ற சைகையை உறுதியாக உணர 15 வோல்ட்டாவது வேண்டும். 5 வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்டதெல்லாம் 'இல்லை' என்றே கொள்ளப்படும். சில்லு எவ்வளவு உரக்கக் கூவினாலும் அதன் 3.3 வோல்ட்டு அங்கே மௌனமாகவே கருதப்படும். நமது நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் 'வேகா' வரிசையில் வடிவமைத்த 32 பிட் நுண்கட்டுப்படுத்தியாயினும், வேறு நாட்டுச் சில்லாயினும், இந்த நியதி ஒன்றே.

டிரான்சிஸ்டர் என்னும் இடையாள்

24 வோல்ட் சுருள் ஒன்றின் தடை 650 ஓம் எனக் கொள்வோம். அதில் பாயும் மின்னோட்டம் சுமார் 37 மில்லியாம்பியர். சுருளின் ஒரு முனையை 24 வோல்ட்டுடனும், மறுமுனையை என்.பி.என். வகை டிரான்சிஸ்டரின் கலெக்டருடனும் இணைக்கிறோம். எமிட்டர் பொதுக்கம்பியில் சேர்கிறது. சில்லின் முனை ஒரு தடையின் வழியாக பேஸுடன் இணைகிறது.

இங்கே டிரான்சிஸ்டர் வெறும் சாவி. அது முழுமையாக மூட வேண்டும். அரைகுறையாக மூடினால் அதிலேயே மின்னழுத்தம் தங்கிச் சூடாகும். இதற்காகக் கலெக்டர் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கைப் பேஸுக்கு அளிப்பது நல்வழக்கம், அதாவது 3.7 மில்லியாம்பியர். சில்லின் 3.3 வோல்ட்டில் பேஸ் சந்திப்பு 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, எஞ்சுவது 2.6 வோல்ட். இதை 3.7 மில்லியாம்பியரால் வகுத்தால் ஏறத்தாழ 700 ஓம். சந்தையில் கிடைக்கும் 680 ஓம் தடையைப் பயன்படுத்தினால் 3.8 மில்லியாம்பியர் பாயும். சில்லுக்கு இது எளிய சுமை.

பல ரிலேக்களை இயக்க வேண்டுமாயின் யு.எல்.என். 2003 என்னும் சில்லு வசதியானது. இதனுள் 7 டார்லிங்டன் இணைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 500 மில்லியாம்பியர் வரையிலும் 50 வோல்ட் வரையிலும் தாங்கும். பேஸ் தடைகளும் பாதுகாப்பு டயோடுகளும் உள்ளேயே அமைந்துள்ளன. 8 இணைகள் வேண்டுமாயின் யு.எல்.என். 2803 உண்டு.

சிலர் டிரான்சிஸ்டருக்குப் பதில் மாஸ்ஃபெட்டைப் பயன்படுத்துவர். அங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஐ.ஆர்.எஃப். 540 போன்ற வகைகள் தம் முழுத் திறனைக் காட்டக் கேட் முனையில் 10 வோல்ட் வேண்டும். 3.3 வோல்ட்டில் அவை அரைத் தூக்கத்திலேயே இருக்கும். விவரத்தாளில் 2.5 வோல்ட் கேட் அழுத்தத்துக்கே தடை மதிப்புக் குறித்துள்ள வகையைத் தேர்ந்தெடுப்பது நலம்.

சுருளின் சினம்

ஓடும் வண்டியை ஒரே கணத்தில் நிறுத்த முயன்றால் உள்ளிருப்போர் முன்னே தூக்கியெறியப்படுவர். சுருளில் பாயும் மின்னோட்டத்துக்கும் இத்தகைய ஜடத்துவம் உண்டு. அதற்குத் தூண்டம் என்று பெயர். ஒரு ஹென்றி தூண்டம் கொண்ட சுருளில் பாயும் 37 மில்லியாம்பியரை ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்கில் நிறுத்த முயன்றால், கணக்கின்படி 3,700 வோல்ட் எழ வேண்டும். உண்மையில் அவ்வளவு எழுவதற்கு முன்னரே டிரான்சிஸ்டர் பிளந்து போய்விடும். முதல் நாள் நன்கு இயங்கிய பலகை சில நாட்களில் ஊமையாவதற்கு இதுவே காரணமாவதுண்டு.

பரிகாரம் எளிது. சுருளுக்குக் குறுக்கே 1 என் 4007 போன்ற டயோடு ஒன்றை எதிர்த்திசையில் இணைக்க வேண்டும். அதன் கோடிட்ட முனை 24 வோல்ட்டின் பக்கம் இருத்தல் அவசியம். சாவி திறக்கும்போது சுருளின் மின்னோட்டம் டயோடு வழியே சுற்றிச் சுற்றி ஓய்கிறது. திசை மாற்றி இணைத்தால் டயோடு 24 வோல்ட்டைக் குறுக்கிணைத்து, டிரான்சிஸ்டரையும் அழிக்கும். யு.எல்.என். 2003-இல் டயோடுகள் உள்ளே இருப்பினும், அவற்றின் பொது முனையைச் சுருளின் மின்வழங்கியுடன் இணைத்தாலன்றிப் பயனில்லை. இவ்விணைப்பை மறப்பவர் பலர்.

டயோடினால் ஒரு சிறு தீமையும் உண்டு. மின்னோட்டம் மெல்ல ஓய்வதால் தொடுமுனைகள் பிரிவதும் மந்தமாகிறது. மந்தமாகப் பிரியும் முனைகளில் தீப்பொறி நீடிக்கும். விரைந்து விடுபட வேண்டிய இடங்களில் டயோடுடன் ஸீனர் டயோடு ஒன்றைத் தொடராக இணைப்பர்.

கோடையும் 5 வோல்ட் சுருளும்

குளிர்காலத்தில் பிழையின்றி இயங்கும் ரிலே, சித்திரை வெயிலில் இழுக்க மறுப்பதுண்டு. இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். 5 வோல்ட் சுருள் இழுப்பதற்குக் குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் முக்கால் பங்கு, அதாவது 3.75 வோல்ட் போதும் என்று விவரத்தாள் கூறும். ஆனால் அது 20 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. தாமிரத்தின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் உயர்கிறது. மூடிய பெட்டியினுள் வெப்பம் 50 டிகிரி ஆகுமாயின் தடை சுமார் 12 சதவீதம் கூடும். இழுக்கும் விசையை நிர்ணயிப்பது மின்னோட்டமே. ஆகையால் இப்போது 4.2 வோல்ட் தேவைப்படுகிறது. யு.எல்.என். 2003 தன் பங்குக்கு 0.9 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால் சுருளுக்கு எஞ்சுவது 4.1 வோல்ட்தான். ரிலே இழுக்கவில்லை!

24 வோல்ட் சுருளிலோ அதே 0.9 வோல்ட் நான்கு சதவீத நஷ்டமே. தொழிற்சாலைகள் 24 வோல்ட்டை விரும்புவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. நீண்ட கம்பியில் ஏற்படும் இழப்பும் அங்கே அற்பமாகிறது. 5 வோல்ட் சுருள்களையே பயன்படுத்த நேரின், டார்லிங்டனைத் தவிர்த்துத் தனி டிரான்சிஸ்டரோ மாஸ்ஃபெட்டோ இணைப்பது மேல். எட்டு சுருள்கள் ஒருங்கே இயங்கினால் 570 மில்லியாம்பியர் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. சில்லுக்கும் சுருள்களுக்கும் ஒரே சிறு மின்வழங்கி இருப்பின், ரிலே இழுக்கும் கணத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து சில்லு மீண்டும் தொடக்கத்துக்கே திரும்பும்.

ஒளிவழித் தூது

இரண்டு சுற்றுகளை மின்வகையில் முற்றிலும் பிரிக்க ஆப்டோகப்ளர் என்னும் ஒளியிணைப்பான் உதவுகிறது. ஒரே உறைக்குள் ஒளியுமிழும் டயோடு ஒருபுறமும், ஒளியுணரும் டிரான்சிஸ்டர் மறுபுறமும் உள்ளன. இடையே செல்வது ஒளி மட்டுமே. பி.சி. 817 என்ற வகை 5,000 வோல்ட் வரை தாங்கும் பிரிப்பை அளிக்கிறது.

சந்தையில் கிடைக்கும் ரிலேப் பலகைகள் பலவற்றில் இவ்வுறுப்பு உண்டு. ஆயினும் உறுப்பு இருப்பது வேறு. பிரிப்பு இருப்பது வேறு. சில்லின் மின்வழங்கியையும் சுருளின் மின்வழங்கியையும் ஒரு சிறு இணைப்புத் துண்டு சேர்த்துவிட்டிருக்கும். அதை நீக்கிச் சுருளுக்குத் தனி மின்வழங்கி அளித்து, பொதுக்கம்பிகளையும் தனித்தனியே வைத்தாலன்றி ஒளியிணைப்பான் பெயரளவுக்கே அங்கிருக்கும்.

மற்றொரு நுட்பமும் கவனிக்கத் தக்கது. இப்பலகைகள் பலவும் உள்ளீட்டைத் தாழ்த்தினால் இயங்குபவை. பலகை 5 வோல்ட்டிலும், சில்லு 3.3 வோல்ட்டிலும் இயங்கினால், சில்லு 'நில்' என்று முனையை உயர்த்தியும் 1.7 வோல்ட் வேறுபாடு எஞ்சும். ஒளியுமிழும் டயோடு 1.2 வோல்ட்டிலேயே ஒளிரத் தொடங்குவதால், தொடராக வேறு விளக்கு ஏதும் இல்லாத பலகைகளில் ரிலே விடுபடாமலே நிற்கலாம். சுருள் ஒருமுறை இழுத்துவிட்டால் குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வரை தாழும்வரையிலும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடும் என்பதால் இவ்வபாயம் மேலும் மிகுகிறது. ஒளியிணைப்பானின் உள்ளீட்டுப் பக்கத்தை 3.3 வோல்ட்டிலேயே இணைத்து, தொடர்த்தடையையும் அதற்கேற்ப மாற்றுவதே நேர்வழி.

விழித்தெழும் கணம்

மின்சாரம் வந்ததும் சில்லு உடனே தன் கடமையைத் தொடங்கிவிடுவதில்லை. உறக்கத்திலிருந்து எழுபவன் கண்ணைத் துடைத்துக்கொள்வது போல் அதற்கும் சிறிது நேரம் வேண்டும். அந்த இடைவேளையில் பெரும்பாலான சில்லுகளின் முனைகள் எந்நிலையிலும் இல்லாது மிதந்து நிற்கும். அருகிலுள்ள கம்பியின் இரைச்சலே ஒரு டிரான்சிஸ்டரை விழிப்பிக்கப் போதுமானதாகலாம். எனவே டிரான்சிஸ்டரின் உள்ளீட்டிலிருந்து பொதுக்கம்பிக்கு 10,000 ஓம் தடை ஒன்றை இணைத்தல் இன்றியமையாதது. ஆணை ஏதும் இல்லாதபோது 'நில்' என்பதே நிலையாக இருக்க அது வழி செய்யும்.

1980-இல் தோன்றிய 8051 குடும்பத்தில் நிலைமை இதற்கு நேர்மாறு. தொடங்கும்போது அதன் துறைகளில் 'ஒன்று' என்ற நிலையே பதிந்திருக்கும். உயர்நிலையில் இயங்கும் ரிலேயை அதனுடன் இணைத்தால் ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் அது இழுக்க முயலும். மேலும் 8051-இன் முனைகள் மின்னோட்டத்தை வெளியிடுவதில் மிக நலிந்தவை. உள்வாங்குவதில் சற்று வலியவை. ஆதலால் தாழ்நிலையில் இயங்கும் அமைப்பே அதற்குப் பொருந்தும்.

நிரலிலும் ஒரு வரிசைமுறை உண்டு. முனையை வெளியீடாக மாற்றுவதற்கு முன்னரே, அது எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதைப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். வரிசை மாறினால் கணநேரத் தவறான சைகை பிறக்கும்.

தொடுமுனையின் ஆயுள்

'10 ஆம்பியர், 250 வோல்ட்' என்று ரிலேயின் மேல் பொறித்திருப்பது வெப்பச்சுருள் போன்ற எளிய சுமைக்கும் மாறுதிசை மின்சாரத்துக்கும் உரியது. 50 சைக்கிள் மின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணைகிறது. நேர்மின்சாரத்தில் இவ்வுதவி இல்லை. அதே தொடுமுனைக்கு 10 ஆம்பியரை 30 வோல்ட் வரையில் மட்டுமே அனுமதிப்பது வழக்கம்.

ஆயுளைப் பற்றியும் ஒரு கணக்குப் போடுவோம். சுமையின்றித் தட்டினால் ஒரு கோடி முறை இயங்கும் ரிலே, முழுச் சுமையில் ஒரு லட்சம் முறையே இயங்கலாம். உலை ஒன்றின் வெப்பத்தைக் காக்க 10 விநாடிக்கு ஒருமுறை ரிலேயை மூடித் திறப்பதாக நிரல் எழுதப்பட்டால், நாளொன்றுக்கு 8,640 முறை ஆகிறது. பன்னிரண்டு நாள் முடிவதற்குள் ஆயுள் தீர்ந்துவிடும்! இத்தகைய வேலைக்கு அசையும் உறுப்பற்ற அரைக்கடத்தி ரிலேயே ஏற்றது. அவற்றுள் பல 3 முதல் 32 வோல்ட் வரையுள்ள சைகைக்கு இணங்கும். ஆனால் அவை ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஒரு வாட்டுக்கு மேல் வெப்பம் வெளியிடும். வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடு வேண்டும். அணைந்த நிலையிலும் சில மில்லியாம்பியர் கசியும். ஆகவே 'அணைந்திருக்கிறது' என்று நம்பி அதன் கம்பியைத் தொடுதல் ஆபத்து.

கான்டாக்டரின் சுருளும் ஒரு தூண்டச் சுமையே. அதை இயக்கும் ரிலேயின் முனைகளைக் காக்க, அச்சுருளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் 100 ஓம் தடையையும் தொடராக இணைப்பர். அம்மின்தேக்கி 230 வோல்ட் கம்பிகளுக்குக் குறுக்கே வைப்பதற்கென்றே செய்யப்பட்ட எக்ஸ் 2 வகையாக இருத்தல் வேண்டும்.

நிறுத்தும் உரிமை

இனி நமது பம்ப்பு மோட்டாருக்குத் திரும்புவோம். அதன் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் துணைத் தொடுமுனை, மிகைச்சுமை ரிலே ஆகியவை உள்ளன. மின்சாரம் தடைப்பட்டதும் கான்டாக்டர் விடுபடும். மின்சாரம் மீண்டாலும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. இது பல தலைமுறைகளின் அனுபவத்தால் விளைந்த பாதுகாப்பு. சில்லைச் சேர்க்கும்போது இதைக் கெடுக்கலாகாது.

ஆகவே இரண்டு ரிலேக்களைப் பயன்படுத்துவோம். முதல் ரிலேயின் திறந்திருக்கும் முனையைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாகச் சேர்ப்போம். சில்லு ஒரு விநாடி மட்டும் அதை மூடும். இரண்டாவது ரிலேயின் திறந்திருக்கும் முனையைச் சிவப்புப் பொத்தானுக்குத் தொடராகச் சேர்ப்போம். 'அனுமதி உண்டு' என்று சில்லு இடையறாது கூறிக்கொண்டிருக்கும்வரை மட்டுமே அது மூடியிருக்கும். சில்லு செயலற்றாலும், கம்பி அறுந்தாலும், 24 வோல்ட் வழங்கி பழுதானாலும் மோட்டார் நின்றுவிடும். தற்செயலாக மோட்டார் ஓட வேண்டுமாயின் இரண்டு முனைகள் ஒரே சமயத்தில் தவற வேண்டும். நிரல் எங்கேனும் சிக்கி நின்றால் சில்லைத் தொடக்கத்துக்கே திருப்பும் 'வாட்ச்டாக்' என்னும் காவற்கடிகாரத்தையும் இயக்கி வைக்க வேண்டும்.

சிவப்புப் பொத்தானும், அவசர நிறுத்தமும், மிகைச்சுமை ரிலேயும் சில்லின் தயவை நாடாமல் நேரடியாகக் கான்டாக்டரின் சுற்றைத் துண்டிக்க வல்லவையாக இருத்தல் வேண்டும். தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் எந்த நிரலாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. இதை அறியும் பொருட்டுக் கான்டாக்டரின் துணை முனை ஒன்றைத் தக்க ஒளியிணைப்பான் மூலம் சில்லுக்குத் திருப்பி, ஆணை நிறைவேறியதா என்று சரிபார்க்கச் செய்யலாம். முன்னும் பின்னும் சுழலும் மோட்டார்களில் இரு கான்டாக்டர்களும் ஒருங்கே மூடாதவாறு இயந்திரத் தடையும் வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸ் சில்லு ஒன்று, ரிலே அசைய எடுக்கும் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கட்டளைகளை முடித்துவிடும்; இரும்பு அவ்வேகத்துக்கு ஈடு கொடாது.

பலகையில் 230 வோல்ட் பகுதிக்கும் சில்லின் பகுதிக்கும் இடையே 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை வெற்றிடம் விடுவது வழக்கம். இருவகைக் கம்பிகளையும் ஒரே குழாயில் இழுத்தலாகாது.

சோதனை

இவ்வாறு அமைத்த பின்னர் மோட்டாரை உடனே இணைக்க வேண்டா. முதலில் ரிலேயின் முனைகளில் சிறு விளக்கு ஒன்றை மாட்டுக. மின்சாரத்தை இருபது முறை துண்டித்துத் துண்டித்து அளிக்க; ஒருமுறையேனும் விளக்கு மின்னுமாயின் இணைப்பில் குறை உண்டு. சில்லின் கம்பியைக் கழற்றிப் பார்க்க. அனுமதி ரிலே விடுபட வேண்டும். நிரலை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க. காவற்கடிகாரம் செயற்பட வேண்டும். உச்சி வெயிலில் பெட்டியை மூடி வைத்து மீண்டும் சோதிக்க. இவையாவும் தேறிய பின்னரே கான்டாக்டரையும் மோட்டாரையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு இணைத்தல் வேண்டும்.

எத்தனை சோதனையில் தேறினாலும் பழுது பார்ப்பவர் பிரதான சாவியைத் திறந்து, ப்யூஸைக் கழற்றித் தம் கையில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். தானியங்கிக் கருவி பொருத்தப்பட்ட பம்ப்பு அறையின் கதவில், 'இம்மோட்டார் முன்னறிவிப்பின்றி ஓடத் தொடங்கும்' என்று தெளிவான எழுத்தில் எழுதி வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.